முப்பது வருட வில்லங்கம்

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோவளம் தாண்டி மாமல்லபுரம் வரை, மனை விற்பனைப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. பலகையைப் பார்த்து ஆசைப்பட்டு முன்பணம் எடுத்துவைப்பவரிடம் வீட்டுப் பெரியவர் கேட்பது ஒன்றுதான்: "வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சா?" வங்கியில் கடன் கேட்டால் அங்கே வக்கீலும் அதையே கேட்பார், பெரும்பாலும் முப்பது வருடத்துக்குக் கேட்பார். இந்தக் கிராமத்தில், இந்தச் சர்வே எண்ணில், முப்பது வருடமாக என்னென்ன கிரயம், அடமானம், தான செட்டில்மெண்ட், பாகப்பிரிவினை பதிவாகியிருக்கின்றன? சட்டக் கேள்வி போலத் தெரியும் இதற்குள் கணினி இயலின் பழைய தலைவலி ஒன்று இருக்கிறது. குவிந்து கிடக்கும் லட்சக்கணக்கான ஆவணங்களிலிருந்து வேண்டிய நாலைந்தை மட்டும் எப்படிச் சட்டென்று எடுப்பது?

நிலம் தொடர்பான பத்திரங்கள் சார்பதிவாளர் அலுவலகத்தின் 1ஆம் புத்தகத்தில் ஏறுகின்றன. 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஐந்து வகைப் புத்தகங்களைச் சொல்கிறது. உயிலுக்கு 3ஆம் புத்தகம், பலவகை ஆவணங்களுக்கு 4ஆம் புத்தகம் என்று. ஒவ்வொரு புத்தகத்திலும் ஆவணங்களுக்குத் தொடர் எண் உண்டு. அந்த எண் வரிசை ஆண்டோடு தொடங்கி ஆண்டோடு முடியும். அதனால்தான் பத்திரத்தை '1234/1994' என்று குறிப்பிடுகிறார்கள். அந்த ஆண்டில் அந்த அலுவலகத்தின் அந்தப் புத்தகத்தில் ஏறிய 1234ஆவது ஆவணம் என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு பொருள் கிடையாது. வந்தது வந்த வரிசையில் அடுக்கப்படுகிறது. எழுதுகிறவருக்கு இதைவிடச் சௌகரியமான முறை இல்லை: கடைசிப் பக்கத்துக்குப் போ, அடுத்த எண்ணைப் போடு, எழுது.

தேடுகிறவர் பாடுதான் திண்டாட்டம். அவருக்கு எண் தெரியாது, நிலம்தான் தெரியும். ஓர் அலுவலகத்தில் ஆண்டுக்கு 5,000 பத்திரம் என்று வைத்துக்கொண்டால் முப்பது ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். ஒரு பத்திரத்தைப் புரட்டிச் சொத்து விவரத்தைப் பார்க்க ஒரு நிமிடம் என்றாலும் 2,500 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தால் 312 நாள். ஞாயிற்றுக்கிழமையும் பொங்கல் விடுமுறையும் சேர்த்தால் ஒரு வருடத்துக்கு மேல். முடியும்போது தேடிய நிலம் வேறு யாருக்காவது கைமாறியிருக்கும்.

சட்டத்தை எழுதியவர்கள் இதை யோசிக்காமல் விடவில்லை. 54ஆம் பிரிவு, புத்தகங்களில் உள்ளவற்றுக்கு இண்டெக்ஸ் தயாரிக்க வேண்டும் என்கிறது. பத்திரத்தை நகலெடுத்த கையோடு, இயன்றவரை உடனடியாக, இண்டெக்ஸிலும் அதை ஏற்றிவிட வேண்டும் என்கிறது. 55ஆம் பிரிவு, எத்தனை இண்டெக்ஸ், எதில் என்ன என்று வகுக்கிறது. 1ஆம் புத்தகத்துக்கே இரண்டு. முதல் இண்டெக்ஸ், எழுதிக்கொடுத்தவர், எழுதிவாங்கியவர் பெயர்களால் ஆனது. இரண்டாவது இண்டெக்ஸ், சொத்தின் விவரத்தால் ஆனது. ஒரே குவியலை ஆள் வழியாகவும் அணுகலாம், மண் வழியாகவும் அணுகலாம். வில்லங்கம் தேடுவது இரண்டாவது வழி. கிராமத்தின் பக்கத்தைத் திறந்து, சர்வே எண்ணைக் கண்டுபிடித்து, அதற்கு நேரே இருக்கும் ஆவண எண்களைக் குறித்துக்கொண்டு, அந்தச் சில பத்திரங்களை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதும்.

உயில்களுக்கான மூன்றாவது இண்டெக்ஸில் ஒரு நுட்பம் இருக்கிறது. உயில் எழுதியவரின் பெயர் உடனே ஏறும். உயிலால் பலன் பெறுகிறவர்களின் பெயர், எழுதியவர் இறந்த பிறகுதான் ஏறும். அதற்கு முன் ஏறக் கூடாது. இன்றைய தரவுத்தளக்காரர்கள் ஒரு நிபந்தனைக்கு உட்பட்ட பதிவுகளுக்கு மட்டும் தனி இண்டெக்ஸ் போடுகிறார்கள். வேகத்துக்காகச் செய்கிறார்கள். 1908இல் அதையே குடும்ப அமைதிக்காகச் செய்திருக்கிறார்கள்.

இனி கணினிக்கு வருவோம். நிறுவனங்களின் இணையதளப் பக்கங்கள், படங்கள், பிடிஎஃப் கோப்புகள் எல்லாம் உள்ளடக்கக் களஞ்சியம் எனப்படும் மென்பொருளில் கிளை கிளையாக அடுக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட திறந்த மூல மென்பொருள் ஒன்றின் பெயர் அப்பாச்சி ஜாக்ராபிட். அதன் பழைய தலைமுறை, உள்ளே வரும் உள்ளடக்கத்தை எல்லாம் தானாகவே இண்டெக்ஸ் செய்தது. தேடலுக்குச் சுகம்; ஆனால் யாரும் ஒருநாளும் தேடாத விவரங்களுக்கும் சேர்த்து ஒவ்வொரு எழுத்திலும் கூலி கொடுக்க வேண்டியிருந்தது. அடுத்த தலைமுறையான ஓக், 2014இல் 1.0 பதிப்பு கண்டபோது, அந்த வழக்கத்தைக் கைவிட்டிருந்தது. அடிப்படையான சிலவற்றைத் தவிர மற்றதற்கு இண்டெக்ஸ் வேண்டுமென்றால் தளத்தை நடத்துகிறவரே சொல்ல வேண்டும். சொல்லாமல் விட்டால்? கேள்வி கேட்டதும் மென்பொருள் கிளை கிளையாக நடக்கத் தொடங்கும். 'இத்தனை ஆயிரம் முனைகளைக் கடந்துவிட்டேன், இண்டெக்ஸ் போடுவதைப் பற்றி யோசியுங்கள்' என்ற பொருளில் பதிவேட்டில் எச்சரிக்கை எழுதிக்கொண்டே நடக்கும்.

இந்த எச்சரிக்கையைப் பலர் பார்ப்பதில்லை. சோதனைக் கணினியில் ஐந்நூறு பக்கம்தான் இருக்கும். கண்மூடித் திறப்பதற்குள் விடை வந்துவிடும். தளம் மக்கள் பார்வைக்கு வந்து, மூன்று வருடத்தில் உள்ளடக்கம் ஐந்து லட்சமான பிறகுதான் பக்கம் திறக்க மறுக்கும். கேள்வி மாறவில்லை, நிரல் மாறவில்லை, குவியல் மட்டும் வளர்ந்திருக்கிறது. புதிய சர்வர் வாங்கலாமா என்று கூட்டம் போடுவார்கள். சர்வரை இரண்டு மடங்கு வேகமாக்கினால் 312 நாள் 156 நாளாகும், அவ்வளவுதான்.

இண்டெக்ஸ் சாதிக்கும் வேகம் வேறு வகை. ஒன்றரை லட்சம் பெயர்கள் அகரவரிசையில் இருந்தால், நடுப்பக்கத்தைத் திறந்து, முன்னா பின்னா என்று பார்த்து, மீண்டும் பாதியாக்கிப் போனாலே 18 முறைக்குள் வேண்டிய பெயர் கிடைத்துவிடும். கணினி வட்டில் இதற்கும் மேலான ஏற்பாட்டை 1970இல் போயிங் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ருடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்ரைட் என்ற இருவர் உருவாக்கினார்கள். 1972இல் ஆய்விதழில் வெளிவந்தது. பி-ட்ரீ என்று பெயர். ஒவ்வொரு பக்கத்திலும் இருநூறு வழிகாட்டிகள் இருப்பதாகக் கொண்டால், முதல் பக்கம் இருநூறு பக்கங்களைக் காட்டும். அவை ஒவ்வொன்றும் இன்னும் இருநூறைக் காட்டும். மூன்று பக்கம் புரட்டினால் 80 லட்சம் பதிவுகளில் ஒன்றைத் தொட்டுவிடலாம். நான்காவது பக்கத்தில் அது 160 கோடி. குவியல் இருநூறு மடங்கு வளர்ந்தால் தேடுபவர் கூடுதலாகப் புரட்ட வேண்டியது ஒரே ஒரு பக்கம். இன்றைய பெரும்பாலான தரவுத்தளங்களின் இண்டெக்ஸ் இந்த வகையோ இதன் வாரிசோதான்.

ஆனால் 'இண்டெக்ஸ் போட்டாயிற்று, இன்னும் மெதுவாகத்தான் இருக்கிறது' என்று புலம்புகிறவர்களே அதிகம். அவர்கள் போட்டது ஏதோ ஓர் இண்டெக்ஸ். கேள்விக்கு ஏற்ற இண்டெக்ஸ் அல்ல.

வில்லங்கக் கேள்வியில் மூன்று நிபந்தனை உண்டு: கிராமம் இது, சர்வே எண் இது, தேதி இதிலிருந்து இதுவரை. மூன்றையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் போடலாம். எதை முதலில் வைப்பது? தேதியை முதலில் வைத்தால் முப்பது வருடத்துக்கும் உரிய பதிவுகள் எல்லாம் அகப்படும். ஒன்றரை லட்சத்தையும் ஒவ்வொன்றாகச் சலிக்க வேண்டும். தேதி வரிசையில்தான் 1ஆம் புத்தகமே இருக்கிறது. அதற்கு இன்னோர் இண்டெக்ஸ் எதற்கு? கிராமத்தை முதலிலும் சர்வே எண்ணை அடுத்தும் தேதியைக் கடைசியிலும் வைத்தால், வேண்டிய பதிவுகள் அடுத்தடுத்துத் தேதி வாரியாக உட்கார்ந்திருக்கும். முதல் பதிவைத் தொட்டுவிட்டு, கெடு தேதி வரும்வரை படித்துக்கொண்டே போகலாம். 'இதுதான்' என்று அடித்துச் சொல்லும் நிபந்தனை முன்னே, 'இதிலிருந்து இதுவரை' என்பது பின்னே: தரவுத்தளம் பராமரிப்பவர்களின் பாலபாடம் இது. பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கம் பார்க்கிறவர் மண்டலம், மாவட்டம், சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு என்று நிரப்புவதும் அகன்றதிலிருந்து குறுகியதை நோக்கித்தான்.

இப்படிப்பட்ட இண்டெக்ஸ், முதல் பகுதி தெரியாதவருக்கு உதவாது. 'சர்வே எண் 45' என்று மட்டும் சொன்னால் எந்தக் கிராமத்து 45? ஒவ்வொரு கிராமத்திலும் ஒரு 45 இருக்கும். கிராமத்தின் பெயர் மட்டும் சொன்னாலும் ஆபத்துதான். கோவளம் செங்கல்பட்டு மாவட்டத்திலும் உண்டு, கன்னியாகுமரி மாவட்டத்திலும் உண்டு.

எதை வைத்துத் தேடினால் குவியல் நன்றாகக் குறுகும் என்பதும் முக்கியம். 'கிரயம்' என்ற ஆவண வகைக்கு இண்டெக்ஸ் போட்டால் பாதிப் புத்தகம் வந்து விழலாம். அதற்கு முழுப் புத்தகத்தையே படித்துவிடலாம். தரவுத்தளத்துக்கும் இந்தக் கணக்குத் தெரியும். பலனில்லாத இண்டெக்ஸைக் கண்டும் காணாமல் ஒதுக்கிவிடும். பெயர் இண்டெக்ஸிலும் இதே சிக்கல். திருப்போரூரில் முருகன் என்ற பெயரைத் தேடுவதை நினைத்துப் பாருங்கள். சாமியே அந்த ஊரில்தான் இருக்கிறது. அதனால்தான் சட்டம் பெயரோடு நிற்காமல், குடியிருக்கும் இடம், தொழில், தகப்பன் பெயர் ஆகியவற்றையும் கேட்கிறது. வழக்கமாகத் தாயின் மகன் என்றே அறியப்படுகிறவராக இருந்தால் தாயின் பெயர். முருகன் நூறு பேர் இருக்கலாம். கோவிந்தன் மகன், தண்டலத்தில் குடியிருக்கும் முருகன் என்றால் ஒருவரோ இருவரோ.

வேகத்தைவிடப் பெரிய தொல்லை வேறு இருக்கிறது. தேடலுக்குரிய திறவுகோலே காலப்போக்கில் மாறிவிடுவது. ஒரு நிலத்தின் சர்வே எண் 45/2 என்று இருக்கும். அண்ணன் தம்பிகள் பிரித்துக்கொண்டால் 45/2ஏ, 45/2பி ஆகும். அதில் ஒன்று மனைகளானால் 45/2ஏ1, 45/2ஏ2 என்று கிளைக்கும். இன்றைய பட்டாவைக் கையில் வைத்துக்கொண்டு 45/2ஏ1 என்று தேடுகிறவருக்கு, உட்பிரிவு ஆவதற்கு முன் 45/2 என்ற எண்ணில் எழுதப்பட்ட அடமானம் கண்ணில் படாமல் போகலாம். 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நடந்த நிலவுடைமை மேம்பாட்டுத் திட்டம், எல்லோரும் யுடிஆர் என்று சொல்வது, நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது பல இடங்களில் எண்களும் மாறின. 'பழைய ச.எண், புதிய ச.எண்' என்று இரண்டையும் பத்திரத்தில் எழுதும் பழக்கம் இந்தக் குழப்பத்துக்கு மக்கள் கண்ட மருந்து. கணினியில் இதற்கு எந்த எண் எந்த எண்ணிலிருந்து பிறந்தது என்று காட்டும் வம்சாவளி ஒன்று தனியாக வேண்டும். அனுபவமுள்ள பத்திர எழுத்தர் தாய் எண்ணுக்கும் சேர்த்தே வில்லங்கம் போடச் சொல்வது வேறு எதற்காக?

மாவட்டத்தின் கதையும் அப்படித்தான். 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டம் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பர் 29 அன்று காஞ்சிபுரத்திலிருந்து எட்டு வட்டங்களோடு செங்கல்பட்டு மீண்டும் தனி மாவட்டமானது. மாமல்லபுரத்தில் அசையாமல் கிடக்கும் ஒரே நிலம், 1990இன் பத்திரத்தில் ஒரு மாவட்டம், 2005இன் பத்திரத்தில் இன்னொன்று, 2021இல் மறுபடி பழைய பெயர். பத்திரத்தில் எழுதியிருக்கும் மாவட்டத்தை அப்படியே திறவுகோலில் வைத்தால் ஒரு நிலம் மூன்று இடத்தில் சிதறும். அரசாணையால் மாறக்கூடிய எதையும் திறவுகோலில் வைக்கத் தயங்குவது நல்லது.

எண்ணை எழுத்தாகச் சேமிக்கும்போது இன்னொரு வேடிக்கை. எழுத்து வரிசையில் 1, 10, 100 முடிந்த பிறகுதான் 2 வரும். '45/2' என்று தொடங்குவதெல்லாம் வேண்டும் என்று கேட்டால் 45/2ஏ வரும். கூடவே சம்பந்தமே இல்லாத 45/20, 45/21 ஆகியவையும் வரும். '2ஏ1 என்று முடிவதெல்லாம்' என்று கேட்டால் இண்டெக்ஸ் கைவிரித்துவிடும். முன்னெழுத்துத் தெரியாமல் அகரவரிசையில் எதைத் தேடுவது? சர்வே எண், உட்பிரிவு என்று இரண்டு கட்டமாகப் பிரித்து வாங்குவது படிவத்தின் அழகுக்காக அல்ல.

மெதுவான விடை எரிச்சலூட்டும். தவறான விடையோ சொத்தையே தின்றுவிடும். பதிவுத் துறையில் வில்லங்கம் இருந்தால் 15ஆம் படிவம், இல்லையென்றால் 16ஆம் படிவம். தப்பான எண்ணைக் கொடுத்தாலும் 16ஆம் படிவம் கிடைக்கும், அதுவும் வெகு சீக்கிரம். கேட்ட எண்ணில் ஒன்றும் இல்லை என்பதே அதன் பொருள். நிலத்தின் மேல் ஒன்றும் இல்லை என்பது அல்ல. இண்டெக்ஸில் ஏறாத பத்திரமும் இப்படித்தான், புத்தகத்தில் இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடும். ஓக் மென்பொருளில் சில வகை இண்டெக்ஸ்கள் பின்னணியில், வழக்கமாக ஐந்து விநாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகின்றன. இப்போதுதான் சேமித்த பக்கத்தை அந்த இடைவெளியில் தேடினால் கிடைக்காது. 54ஆம் பிரிவு 'உடனடியாக' என்று சொல்லும் காரணம் இந்த இடைவெளிதான்.

பத்திரப் பதிவைக் கணினிமயமாக்கும் ஸ்டார் திட்டம் தமிழ்நாட்டில் 2000ஆம் ஆண்டு தொடங்கியது. இணையவழியான ஸ்டார் 2.0, 2018 பிப்ரவரியில் வந்தது. கணினியில் ஏறாத பழைய ஆண்டுகளுக்கு இன்றும் 'மேனுவல் ஈசி', அதாவது கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று, என்று விண்ணப்பம் போடுகிறார்கள். அங்கே வேலை செய்வது அந்தப் பழைய இரண்டாவது இண்டெக்ஸ்தான்.

மாமல்லபுரத்தின் நிலப் பத்திரங்கள் பதிவுத் துறைக்கு வெகு காலம் முன்பே தொடங்குகின்றன. முதலாம் இராஜராஜனின் 25ஆம் ஆட்சியாண்டில், ஏறக்குறைய கி.பி. 1010இல், ஊர் நிலங்களைப் புதிதாகப் பங்கிட்டுக்கொள்வது பற்றி மாமல்லபுரத்தார் செய்துகொண்ட ஒப்பந்தம் கடற்கரைக் கோயிலில் கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கல்வெட்டாய்வாளர் ஹுல்ட்ஸ் 1890இல் வெளியிட்ட தென்னிந்தியக் கல்வெட்டுகள் முதல் தொகுதியில் அது இருக்கிறது. அந்தத் தொகுதி தொடங்குவதே மாமல்லபுரத்துப் பல்லவர் கல்வெட்டுகளோடுதான்.

கல்வெட்டுத் துறையும் படியெடுத்த வரிசையில்தான் எண் போட்டது. இந்த ஆண்டின் இத்தனையாவது கல்வெட்டு என்று. சார்பதிவாளர் அலுவலகத்தின் அதே முறை, அதே திண்டாட்டம். ஓர் ஊரின் கல்வெட்டுகள் எல்லாம் வேண்டும் என்று கேட்பவர் ஆண்டறிக்கைகளை ஒவ்வொன்றாகப் புரட்ட வேண்டும். 1919இல் வி. ரங்காச்சார்யா சென்னை மாகாணக் கல்வெட்டுகளை மாவட்டம், வட்டம், ஊர் என்று இடவாரியாக அடுக்கி மூன்று தொகுதிகளாக வெளியிட்டார். கல்வெட்டு ஒன்றுகூடப் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. இருந்தவற்றை அடையும் வழிதான் புதிது. ஆள் வழியாகத் தேட 1978 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு நொபொரு கராஷிமா, எ. சுப்பராயலு, தோரு மட்சுயி மூவரும் சோழர் கல்வெட்டுகளில் வரும் பெயர்களுக்கு மூன்று தொகுதிகளில் அடைவு கொண்டுவந்தார்கள். ஒரு பட்டம் எந்த நூற்றாண்டில் பெருகுகிறது, எந்த வட்டாரத்தில் நில உரிமையாளர்கள் கூடுகிறார்கள் போன்ற கேள்விகளை எண்ணிக்கையோடு கேட்க முடிந்தது அதன் பிறகுதான். முந்தைய தலைமுறை அறிஞர்களுக்கு இந்தக் கேள்விகள் தோன்றாமல் இருந்திருக்காது. விடை தேட ஆயுள் போதாது என்று விட்டிருப்பார்கள்.

பெயரும் இடமும் போக, உள்ளே எழுதியிருக்கும் எந்தச் சொல்லையும் தேட வேண்டும் என்றால் முழு உரை இண்டெக்ஸ் தேவை. ஒவ்வொரு சொல்லுக்கும் நேரே அது வரும் ஆவணங்களின் பட்டியல் இருக்கும். இலக்கிய நூல்களின் சொல்லடைவு மாதிரி. இங்கே தமிழுக்கென்று ஒரு சிக்கல். 'மாமல்லபுரம்' என்று தேடினால் 'மாமல்லபுரத்தில்', 'மாமல்லபுரத்துக்கு', 'மாமல்லபுரத்தார்' எதுவும் கிடைக்காது. 'ம்' மறைந்து 'த்து' வந்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு எழுதிய வேர்ச்சொல் நிரலை அப்படியே பூட்டினால் அது தமிழ்ச் சொல்லைத் தொடாமல் விட்டுவிடும். செங்கல்பட்டு, செங்கற்பட்டு, கோயில், கோவில், மாமல்லபுரம், மகாபலிபுரம் ஆகியவற்றுக்கு ஒப்புச்சொல் பட்டியல் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரியாத சிக்கலும் உண்டு. யூனிகோடில் 'கோ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ஓகாரக் குறியை ஒரே குறியீடாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இண்டெக்ஸுக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒரு விதமாகத் தட்டச்சு செய்த கோவளம், வேறு விதமாகத் தட்டச்சு செய்த கோவளத்தைக் கண்டுகொள்ளாது. உள்ளே வரும் உரை, தேடுகிறவர் தட்டும் சொல் இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர யூனிகோடிலேயே வகுத்த விதி இருக்கிறது. அதைப் பிற்பாடு சேர்க்கிறவர்கள், ஏற்கெனவே உள்ளே இருக்கும் எல்லா ஆவணங்களையும் முதலிலிருந்து இண்டெக்ஸ் செய்ய வேண்டும். பெரிய களஞ்சியத்தில் அதற்குப் பல மணி நேரம் பிடிக்கும் என்பதால், பெரும்பாலும் அதை இரவில் ஓடவிடுகிறார்கள்.